பெயரில் பறவை, பிறவியில் பல்லி!

புளியங்கொட்டை அளவே உள்ள ஒரு மண்டை ஓடு, உலக விஞ்ஞானிகளையே திணற அடித்து விட்டது!

அது அகப்பட்ட இடம், மியான்மர் (பர்மா) நாட்டின் வடபகுதி. பழங்காலத்தில் மரத்தில் வடிந்த பிசினில் ஒரு சிறு பிராணி சிக்கிக் கொண்டது. பிசின் இறுகிக் கல் போல் ஆகி விட்டது. இதற்கு "அம்பர்" என்று பெயர். கண்ணாடிப் பேழையில் வைத்தது போல், அதற்குள் பிராணியின் தலை இருந்தது. அதன் வயது சுமார் 9 கோடியே 90 லட்சம் ஆண்டுகள்!

கண்-பல்-பறவை

2020-ம் ஆண்டு மார்ச் மாதம், "நேச்சர்" என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் இதுபற்றிக் கட்டுரை வந்தது. நீண்ட மூக்கு, உருண்ட மண்டை, பெரிய கண். ஆகவே, இது மிக மிகச் சிறிய பறவை என்று எழுதினார்கள். "ஒக்குலுடென்டாவிஸ்" என்று பெயரும் சூட்டினார்கள். "கண்-பல்-பறவை" என்பது அதன் பொருள்.

பல் சொன்ன சாட்சி

ஆனால், மற்ற விஞ்ஞானிகளுக்குச் சந்தேகம் பிறந்தது. காரணம், பற்கள்!

பழங்காலப் பறவைகளுக்குப் பல் உண்டு. அவை தாடைக் குழிகளில் நட்டு வைத்தது போல் இருக்கும். இதன் பற்களோ, தாடை எலும்போடு ஒட்டி இருந்தன. பல்லிகளுக்குத்தான் பல் அப்படி இருக்கும்.

அந்தச் சமயத்தில் இன்னொரு அம்பர் ஆராய்ச்சிக்கு வந்தது. அதில் இருந்தது, முதல் பிராணியின் நெருங்கிய உறவு. தலையுடன் தோள் எலும்பும், பல்லிக்கு உள்ளது போன்ற செதில்களும் இருந்தன.

அதன்பின் ஜூலை மாதம், முதலில் எழுதியவர்களே தங்கள் கட்டுரையை வாபஸ் வாங்கி விட்டார்கள். தவறான செய்தி ஏட்டில் நிலைத்து விடக் கூடாது அல்லவா?

எலும்பு எலும்பாக...

அம்பரை உடைக்காமலே எக்ஸ்ரே கதிரால் படம் எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் எலும்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். மண்டையில் ஓர் எலும்பு ஹாக்கி மட்டை போல் வளைந்து இருந்தது. அது பல்லி, பாம்பு வகைகளுக்கு உரிய அடையாளம்.

அப்படியானால் பறவை மூக்கு வந்தது எப்படி? பிசினுக்குள் மண்டை ஓடு நசுங்கியது. ஏற்கெனவே நீண்டிருந்த மூக்கு, மேலும் ஒடுங்கி அலகு போல் ஆகி விட்டது!

இது விசித்திரமான ஒரு பல்லி இனம் என்று, 2021-ம் ஆண்டு ஜூன் மாதம் ஆராய்ச்சி முடிவு வெளியாயிற்று. ஆனால், முதலில் சூட்டிய பெயரை மாற்ற விதி இடம் தரவில்லை. அதனால், "பறவை" என்ற பெயரோடுதான் இன்றும் இருக்கிறது, இந்தப் பல்லி!