ஒரே சில்லு, பல அலைநீளம்

லேசர் என்றாலே ஒற்றை நிறம் என்றுதான் பள்ளியில் படித்தோம். 1960-இல் தியோடர் மைமன் இயக்கிக் காட்டிய முதல் லேசரும் அப்படித்தான்; அதன் மாணிக்கத் தண்டிலிருந்து 694 நானோமீட்டர் சிவப்பு ஒளி மட்டுமே வந்தது.

பல வேலைகளுக்கு அது போதும். காற்றில் என்னென்ன வாயு கலந்திருக்கிறது என்று பார்க்கத்தான் போதாது. மீத்தேன் 7.7 மைக்ரோமீட்டரை ஒட்டி அகச்சிவப்பு ஒளியை விழுங்கும். சல்பர் டை ஆக்சைடு 7.3-ஐ ஒட்டி. ஒவ்வொன்றையும் பிடிக்கத் தனித்தனி லேசர் வேண்டும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கிளேர் க்மாகல், ஃபெடரிகோ கப்பாஸோ குழுவினர் 2002-இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அவர்களுடைய குறைக்கடத்தி லேசர் 6 முதல் 8 மைக்ரோமீட்டர் வரை ஒரே நேரத்தில் ஒளிர்ந்தது.

அதன் அடிப்படை, 1994-இல் அதே ஆய்வகத்தில் பிறந்த குவாண்டம் கேஸ்கேட் லேசர். சாதாரணக் குறைக்கடத்தி லேசரில் எலக்ட்ரான் ஒருமுறை ஆற்றல் இழந்து ஒரு ஃபோட்டானைத் தருவதோடு சரி. நிறத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் பொருளின் வேதியியல். இங்கோ எலக்ட்ரான் படியிறங்குவது போல இறங்கி, படிக்கு ஒரு ஃபோட்டான் தருகிறது. படியின் உயரத்தை முடிவு செய்வது சில நானோமீட்டரே உள்ள அடுக்குகளின் தடிமன். தடிமனை மாற்றினால் அலைநீளமும் மாறும். எனக்கு இதில் பெரிய அதிசயமே இதுதான்: வேண்டிய நிறத்தை மனிதனே வரைந்து கட்டலாம்.

அப்படியானால் படிக்கொரு உயரம் வைத்தால் ஆயிற்றே என்று தோன்றும். அது அவ்வளவு எளிதல்ல. ஒரு படி தரும் ஒளியை இன்னொரு படி விழுங்கிவிடலாம். ஓர் அலைநீளம் வலுத்தால் மற்றவற்றை அமுக்கிவிடும். அதனால் 650-க்கும் மேற்பட்ட அடுக்குகளை 36 தொகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு தொகுதியும் தன் அலைநீளத்தைப் பெருக்க வேண்டும், மற்றவற்றின் ஒளிக்கு வழிவிட வேண்டும். ஒளிப்பெருக்கமும் எல்லா அலைநீளத்துக்கும் சமமாக அமைய வேண்டும். வெற்றிடத்தில் அணுக்கற்றைகளைப் பாய்ச்சி, அடுக்கடுக்காக வளர்த்தெடுத்தார்கள். கணக்கும் கைத்திறனும் இப்படிக் கைகோத்த கருவிகள் அரிது.

கேஸ்கேட் லேசரை முதலில் செய்தவர்களில் ஒருவரான ஜெரோம் ஃபைஸ்ட், பின்னர் சூரிக்கின் ஈ.டி.ஹெச். பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவருடைய குழு 2012-இல், இத்தகைய அகல்பட்டை லேசரின் ஒளி சம இடைவெளிக் கோடுகளாக, அதிர்வெண் சீப்பாக அமையும் என்று காட்டியது. பல வாயுக்களின் உறிஞ்சுகோடுகளை ஒரே அளவீட்டில் படிக்க இன்று இந்தச் சீப்புகள் பயன்படுகின்றன.