நாடிச் சுவரின் உட்பகையை அறிதல்



என்னுடன் பல்லாண்டுகள் ஆசிரியப்பணி புரிந்த நண்பரொருவர் ஐம்பதாவது வயதில் தம் இதயத்தைச் சோதிப்பித்தார். குறையேதும் இல்லையென்று அறிந்து மகிழ்ந்தார். ஆறு மாதம் கழியுமுன் மாரடைப்பினால் காலமானார். சோதனை பொய்த்ததோ என்று பலரும் வினவினர். பொய்க்கவில்லை. குருதி தடையின்றி ஓடுகின்றதா என்பதே அச்சோதனையின் வினா. அதற்கு அது சரியான விடையே தந்தது. நாடியின் சுவர் எந்நிலையில் உள்ளது என்பது வேறொரு வினா.

நாடியிற் கொழுப்புப் படிதலை, நீர்க்குழாயிற் பாசி படிந்து அடைபடுவதுபோல எண்ணுவது நம் வழக்கம். உண்மை அதுவன்று. கொழுப்புச் சேர்வது சுவரின் உள்ளேயாகும். அங்கே அழற்சி உண்டாகின்றது. படிவை மூடியுள்ள மெல்லிய போர்வை ஒருநாள் கிழிகின்றது. கிழிந்த இடத்திற் குருதி உறைகின்றது. சில நிமிடங்களில் நாடி அடைபடுகின்றது. நாடியைப் பாதியளவுகூட ஒடுக்காத சிறு படிவும் இவ்வாறு உயிரைக் கொள்ளக்கூடும். எனவே படிவின் பருமனை மட்டுமன்றி, நீறுபூத்த நெருப்புப்போல அதனுள் உறையும் அழற்சியையும் அறிதல் வேண்டும்.

இதற்குத் துணைபுரிய முன்வந்திருப்பது கழியொலி. செக்கனுக்கு இருபதாயிரம் அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி நம் செவிக்கு எட்டாது. வைத்தியர்கள் பல இலட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை உடலினுட் செலுத்தி, அதன் எதிரொலியைப் படமாக்குகின்றனர். நாடிச் சுவரின் தடிப்பை இப்படம் காட்டும், அழற்சியைக் காட்டாது.

1968ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிராமியாக், ஷா என்னும் இருவர், இதயத்தில் ஒரு சாயத்தைச் செலுத்தியபோது கழியொலிப் படத்தில் முகில்போன்ற எதிரொலிகளைக் கண்டனர். சிறு வாயுக்குமிழிகளே அதற்குக் காரணம். வாயு ஒலியலைக்கேற்பச் சுருங்கியும் விரிந்தும் அதிர்வதால், குருதியினும் பன்மடங்கு வலிய எதிரொலியைத் தருகின்றது. இன்று வைத்தியசாலைகளிற் பயன்படும் குமிழிகள், குருதியில் எளிதிற் கரையாத வாயுவை மெல்லிய கொழுப்புறை முதலியவற்றால் மூடிச் செய்யப்படுவன. அவை பெரும்பாலும் செங்குழியத்தினும் சிறியவை. பணி முடிந்ததும் வாயு நம் மூச்சோடு வெளியேறிவிடும்.

இக்குமிழிக்கு விலாசம் எழுதி அனுப்பினால் என்ன? அழற்சியுற்ற நாடியின் அகவணி, வெண்குழியங்களைப் பற்றியிழுக்கும் ஒருவகைப் புரதத்தைத் தன்மேல் மிகுதியாகத் தாங்கி நிற்கும். அப்புரதத்தைப் பற்றவல்ல பிறபொருளெதிரியைக் குமிழியின் உறையிற் பொருத்துகின்றனர். குமிழி அழற்சியுள்ள இடத்தில் ஒட்டிக்கொள்கின்றது. ஒட்டாதவை சில நிமிடங்களிற் குருதியிலிருந்து நீங்குகின்றன. பின்னர் வலிய ஒலித்துடிப்பொன்றால் எஞ்சிய குமிழிகளை உடைத்து, உடைக்குமுன் கண்டதையும் உடைத்தபின் கண்டதையும் ஒப்பிட்டால், ஒட்டியவை எத்துணை என்பது புலனாகும். 2007ஆம் ஆண்டில் கவுஃப்மன், லின்ட்னர் முதலியோர், நாடிப்படிவு உண்டாகும் இயல்புடைய சுண்டெலிகளில் இம்முறையால் அழற்சியைக் கண்டறிந்து வெளியிட்டனர்.

எனினும் சுண்டெலிக்கும் மனிதனுக்கும் இடையே தூரம் நீண்டது. நம் பெருநாடிகளிற் குருதி விரைந்து ஓடுதலால், குமிழி சுவரைப் பற்றுதற்குக் கிடைக்கும் கணம் மிகச் சிறிது. விலங்கிலிருந்து பெற்ற பிறபொருளெதிரி மனித உடலில் ஒவ்வாமையை விளைக்கலாம். ஆதலால் அதற்குப் பதிலாகச் சிறிய புரதத்துண்டுகளை நாடுகின்றனர். அத்தகைய குமிழிகள் மனிதரிற் புற்றுநோய்க் கட்டிகளைக் காண்பதற்காகப் பரீட்சிக்கப்பட்டுள்ளன. நாடிப்படிவைக் காண்பதற்கோ அவை வைத்தியசாலைகளில் வழக்கமான சோதனையாக இன்னும் வரவில்லை.

அதுவரை என் செய்வது? புகைத்தலை விடுதலும், குருதியமுக்கம், நீரிழிவு, கொலஸ்திரோல் ஆகியவற்றை அளந்து கட்டுப்படுத்தலும், அழற்சி கண்ணுக்குத் தெரியாவிடினும் அதனைத் தணிக்க வல்லன. ஒரு சோதனை நன்றாயமைந்ததென்று இவற்றைக் கைவிடலாகாது. என் நண்பர் அச்சோதனைக்குப் பின்னரும் புகைத்தலை விடவில்லை.