ஐந்நூறு புடவை, ஒன்றரைக் கோடி முகவரி

இணையத்தில் கடை நடத்துபவர்கள் எஸ்.இ.ஓ. நிபுணரிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: போன வாரம் ஏற்றிய சரக்கு இன்னும் கூகுளில் வரவில்லை. அதற்குச் சொல்லப்படும் வைத்தியமும் பழகியதுதான். தலைப்பில் நாலு சொல் சேருங்கள், பொருள் விவரத்தை நீட்டுங்கள், பிளாக் எழுதுங்கள். எல்லாம் கூட்டல் கணக்கு. சில்லறை விற்பனைத் தளங்களின் தொழில்நுட்பக் கோளாறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், அவற்றில் பல மிகுதியால் வந்தவை. தளம் தேவைக்கு மேல் பக்கங்களைப் பெற்றுத் தள்ளுகிறது. அங்கே வேண்டியது கழித்தல்.

எப்படி இவ்வளவு பக்கங்கள் முளைக்கின்றன? ஐந்நூறு புடவை வைத்திருக்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் ஃபில்டர்கள்: நிறம் 10, துணி வகை 8, விலை வரம்பு 6. ஒரே நேரத்தில் எத்தனையை வேண்டுமானாலும் டிக் செய்யலாம். மொத்தம் 24 பெட்டிகள். ஒவ்வொன்றும் டிக் ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். இரண்டை 24 முறை பெருக்கினால் 1,67,77,216. ஒவ்வொரு சேர்க்கைக்கும் தளம் தனி முகவரி உண்டாக்கினால், ஐந்நூறு பொருளுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் பக்கங்கள். ‘விலை குறைந்தது முதலில்’ என்பது போல நாலு வரிசை முறைகளையும் சேர்த்தால் ஆறு கோடியைத் தாண்டிவிடும். சிவப்பை முதலில் தொட்டுப் பிறகு பருத்தியைத் தொட்டால் ஒரு முகவரி, பருத்தியை முதலில் தொட்டால் வேறு முகவரி என்று இயங்கும் தளங்களும் உண்டு. அங்கே இந்தக் கணக்கும் போதாது.

வாங்க வருபவருக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. அவர் மூன்று டிக் போட்டுப் புடவையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். கூகுளுக்காகப் பக்கங்களைத் தேடிப் படிக்கும் நிரலான கூகுள்பாட் அப்படியல்ல. கண்ணில் படும் இணைப்புகளையெல்லாம் பின்தொடர்வதுதான் அதன் வேலை. ஒரு முகவரிக்குள் போய்ப் பார்க்காமல் அது பயனற்றது என்று அதற்குத் தெரியாது. ஒரு தளத்தின் சர்வர் எவ்வளவு தாங்கும், அந்தத் தளத்துக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்று பார்த்துத்தான் அது தன் வருகைகளை வரையறுக்கிறது. அந்த வருகைகள் ‘நீலம், பட்டு, ஐயாயிரத்துக்குள், பூஜ்யம் பொருட்கள்’ போன்ற பக்கங்களில் கரைந்தால், நேற்று ஏற்றிய புடவையின் முறை தள்ளிப்போகிறது. ஃபில்டர் முகவரிகள் இப்படி வருகையைத் தின்பதையும் புதுப் பக்கங்களைக் கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்துவதையும் கூகுளே 2024 டிசம்பரில் தனிப் பதிவாக எழுதி எச்சரித்தது.

இதற்குக் கருவிகள் இல்லாமல் இல்லை. ஒரே பக்கத்தின் பல நகல்களில் எது மூலம் என்று சொல்லும் கேனானிக்கல் குறியை 2009-ல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிவித்தன. எந்த முகவரிகளுக்குள் நுழையக் கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு அதைவிடப் பழையது, 1994-ல் பிறந்தது. தேடல் முடிவுகளில் காட்டாதே என்று சொல்ல நோஇண்டெக்ஸ் இருக்கிறது. சிக்கல், மூன்றையும் ஒரே பக்கத்தின் மேல் பூசுவதில் வருகிறது. ரோபாட்ஸ் கோப்பில் ஒரு பக்கத்தைத் தடுத்துவிட்டு அதே பக்கத்துக்குள் நோஇண்டெக்ஸ் எழுதினால், உள்ளே வரவே அனுமதியில்லாத கூகுள்பாட் அந்தக் குறிப்பை எப்படிப் படிக்கும்? வெளியிலிருந்து இணைப்பு இருந்தால் அந்த வெற்று முகவரி தேடலில் வந்து நிற்கவும் கூடும். நோஇண்டெக்ஸ் மட்டும் போட்டாலோ, அதைப் படிப்பதற்காகவே கூகுள்பாட் வந்தாக வேண்டும், வருகை மிச்சமாவதில்லை. கேனானிக்கலோ வெறும் யோசனைதான், கூகுள் அதை ஏற்காமலும் போகலாம். ஷாப்பிஃபை தளங்களில் இதற்கு நல்ல உதாரணம் கிடைக்கும். ஒரே பொருளைத் தொகுப்பின் வழியாக ஒரு முகவரியிலும் நேரடியாக இன்னொரு முகவரியிலும் திறக்கலாம். கேனானிக்கல் நேரடி முகவரியைக் காட்டும். பல தீம்களில் பட்டியலின் இணைப்புகளோ தொகுப்பு வழியையே காட்டும். கடைக்காரரே இரண்டு பேச்சுப் பேசும்போது கூகுள் எதை நம்பும்?

‘கூகுள் கெட்டிக்காரன், தானே புரிந்துகொள்ளும்’ என்பார்கள். ஓரளவு உண்மைதான். முகவரியின் வால்களை, அதாவது கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதிகளை, எப்படிக் கையாள வேண்டும் என்று தள உரிமையாளர் சொல்வதற்கு சர்ச் கன்சோலில் இருந்த கருவியைக் கூகுள் 2022-ல் மூடியது, அவற்றைத் தானே கணிக்கத் தேறிவிட்டதாகச் சொல்லித்தான். ஆனால் அந்தக் கணிப்புக்கும் சில பக்கங்களையாவது வாங்கிப் பார்த்தாக வேண்டும். அந்தச் செலவு நம் சர்வரின் தலையில் விழுகிறது.

‘இது லட்சக்கணக்கில் சரக்கு வைத்திருப்பவர்களின் கவலை’ என்பது இன்னொரு வாதம். வருகை வரம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவை பத்து லட்சத்துக்கு மேல் பக்கங்களுள்ள தளங்கள், அல்லது தினமும் மாறும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களுள்ளவை என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறதே? சொல்கிறது. ஆனால் அது எண்ணுவது பக்கங்களை, புடவைகளை அல்ல. நம் ஐந்நூறு புடவைக் கடை அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது. சர்ச் கன்சோலில் ‘கண்டறியப்பட்டது, இன்னும் அட்டவணையில் இல்லை’ என்ற பிரிவில் பெரும்பங்கு பக்கங்கள் தேங்கிக் கிடக்கும் தளங்களையும் அதே வழிகாட்டி அந்தப் பட்டியலில் சேர்க்கிறது.

வலுவான எதிர்ப்பு விற்பனைப் பிரிவிலிருந்து வரும். ‘சிவப்பு பருத்திப் புடவை’ என்று ஜனங்கள் நிஜமாகவே தேடுகிறார்கள். அந்தப் பக்கத்தை மூடினால் வியாபாரம் போகாதா? போகும். அதனால்தான் கழிப்பதற்கு முன் தேர்வு வேண்டும். மக்கள் தேடும் சேர்க்கைகள் சில டஜனோ சில நூறோ இருக்கலாம். அவற்றுக்கு நிலையான முகவரி, தனித் தலைப்பு, மெனுவிலிருந்து நேரடி இணைப்பு, சைட்மேப்பில் இடம் எல்லாம் கொடுக்கலாம். மீதி ஃபில்டர்கள் வாங்குபவருக்காக இயங்கட்டும். அவற்றின் முகவரிகளை ரோபாட்ஸ் கோப்பில் தடுக்கலாம், அல்லது # குறிக்குப் பின்னால் வைக்கலாம். அந்தக் குறிக்குப் பின்னால் வருவதைக் கூகுள்பாட் பொதுவாகத் தனிப் பக்கமாக எடுத்துக்கொள்வதில்லை. எந்தச் சேர்க்கை விற்கும் என்பது சரக்குப் பிடிப்பவருக்குத் தெரியும், புரோகிராமருக்குத் தெரியாது. பெரும்பாலான கடைகளில் இந்த முடிவைப் புரோகிராமரோ, அவர் நிறுவிய தீமோ எடுத்துவிடுகிறது.

கழித்தலிலும் அவசரம் கூடாது. சரக்கு தீர்ந்ததும் பக்கத்தை முகப்புக்குத் திருப்பிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது; கூகுள் அதைப் பெரும்பாலும் ‘இல்லாத பக்கம்’ என்றே கொள்கிறது, வாங்க வந்தவரும் குழம்புகிறார். திரும்ப வரும் பொருளென்றால் பக்கம் இருக்கட்டும், ‘இருப்பில்லை’ என்று மட்டும் சொல்லட்டும். இனி வராது, நேர் மாற்றுப் பொருள் உண்டு என்றால் நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 போட்டு அங்கே அனுப்பலாம். மாற்றும் இல்லையென்றால், பக்கம் இல்லை என்று நேர்மையாகச் சொல்லும் 404 அல்லது 410. பட்டியலின் இரண்டாம், மூன்றாம் பக்கங்களுக்கெல்லாம் முதல் பக்கத்தையே கேனானிக்கலாகக் காட்டுவதும் தவறு. பின்வரிசைப் பொருட்களைக் கூகுள் அந்தப் பக்கங்கள் வழியாகத்தான் சென்றடைகிறது. ‘மேலும் காட்டு’ பொத்தானை அது அழுத்தாது. பொத்தானுக்கு அடியில் நிஜ இணைப்பு வேண்டும்.

எங்கே தொடங்குவது என்றால், ஒரு மாதத்து சர்வர் லாகில். கூகுள்பாட்டின் வருகைகளைப் பொருள் பக்கம், வகைப் பக்கம், ஃபில்டர் பக்கம் என்று மூன்றாகப் பிரித்தால் போதும். மூன்றாவது வரிசை முதல் இரண்டையும் விழுங்கியிருந்தால், பொருள் விவரத்தை நீட்டி எழுதும் வேலையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம்.