'போங்'... போயிடாதீங்க!

செமஸ்டர் லீவுல கம்போடியா பறந்து, சர்ச் நடத்துற குழந்தைகள் இல்லத்துல ரெண்டு வாரம் சேவை... இப்படி ஒரு பிளான் இருக்கா பாஸ்? ஒரு நிமிஷம்!

நீங்கள் கேட்டுக்குள் நுழைந்ததுமே குட்டீஸ் ஓடிவந்து கட்டிக்கொள்ளும். பேர் கேட்கும், தோளில் ஏறும். மூணாவது நாளே நீங்கள் 'போங்'! கெமர் மொழியில் அண்ணன், அக்கா ரெண்டு பேருக்கும் அதான் வார்த்தை. பதினஞ்சாவது நாள் ஃப்ளைட் ஏறிடுவீங்க. அப்புறம் வேற ஒரு 'போங்' வருவார். அவரும் போயிடுவார். ஒவ்வொரு தடவையும் ஒட்டி, பிரியுறது அந்தக் குழந்தை மனசு!

இன்னொரு விஷயம். அங்கே 2005-லிருந்து 2010-க்குள் இல்லங்கள் 75 சதவிகிதம் பெருகின. ஆனால், அங்கிருந்த குழந்தைகளில் கிட்டத்தட்ட நாலில் மூணு பேருக்கு அம்மாவோ, அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். 2011-ல் வந்த யுனிசெஃப் ஆய்வு சொன்ன சேதி இது. சாப்பாடும் படிப்பும் கிடைக்கட்டும்னு அனுப்பிவைத்த ஏழைக் குடும்பங்கள்!

அதுக்காக அன்பைப் பூட்டி வைக்கணுமா? வேண்டாம். கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேளுங்க. 'அம்மா வந்து பார்க்க விடுறீங்களா? பிள்ளையை வீட்டுக்கே திருப்பி அனுப்ப என்ன செய்றீங்க?' பதில் திருப்தியா இல்லைன்னா, அந்த டிக்கெட் காசு, பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கும் அமைப்புக்குப் போகட்டும்.

ஒரு குழந்தை சொந்த வீட்டில் தூங்க உதவுகிறவர்தான் நிஜமான 'போங்'!