வீட்டுக் கெமராவின் படம் எங்கே போகிறது?

வீட்டைச் சுற்றி மதில் எழுப்புகிறோம். வாசலுக்குக் கதவு போடுகிறோம். கதவுக்குப் பின்னால் திரைச்சீலையும் தொங்கவிடுகிறோம். கள்வர் பயம் மாத்திரம் இதற்குக் காரணமன்று. வீட்டிலுள்ள பெண்கள் தலையில் சீலையின்றி, சமையலறைக்கும் கிணற்றடிக்கும் நிம்மதியாக நடமாட வேண்டும் என்பதும் ஒரு காரணமாகும். பிறர் வீட்டினுள் நுழையுமுன் ஸலாம் கூறி அனுமதி பெறுமாறு ஸூரத்துந் நூர் நமக்குக் கற்றுத் தருகிறது. அந்த அனுமதி விதியாக்கப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என நபி (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

இன்று அந்தத் திரைச்சீலைக்கு உட்புறத்தில் நாமே கெமராவைப் பொருத்திக் கொள்கிறோம். கணவர் கட்டாரில் இருக்கிறார்; பிள்ளைகளைப் பார்க்க ஆசைப்படுகிறார். வயதான உம்மா பகலில் தனியே இருக்கிறார். விழுந்தால் யார் அறிவது? இவை நியாயமான தேவைகளே. கெமரா வேண்டாம் என்று சொல்வதற்காக இதனை எழுதவில்லை. அது எடுக்கும் படம் எங்கே போகிறது என்பதை வீட்டுப் பெண்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

படம் செல்லும் பாதை

கெமராவிலிருந்து படம் நேரே கணவரின் கையடக்கத் தொலைபேசிக்குப் போகிறது என்றே பலர் எண்ணுகின்றனர். இன்று கடைகளில் விற்கும் வைபை கெமராக்கள் பலவற்றில் நடப்பது வேறு. பதிவாகும் காட்சி இணையத்தினூடாக எங்கோ ஒரு நாட்டிலுள்ள கம்பனியின் கணினிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்தே தொலைபேசிக்கு வருகிறது. பேச்சுக்குப் பதில் சொல்லும் ஒலிபெருக்கி, தொலைபேசியால் இயக்கும் மின்குமிழ், கெமரா பொருத்திய வாசல் மணி ஆகியவற்றில் பலவும் இப்படித்தான். இதனைக் 'கிளவுட்' என்கிறார்கள். மேகம் என்று பெயர் வைத்தாலும் அது இன்னொருவருடைய கணினிதான்.

நடந்த சில சம்பவங்கள்

வாசல் மணிக் கெமராக்களுக்குப் பெயர்பெற்ற 'ரிங்' நிறுவனம் அமேசனுக்குச் சொந்தமானது. 2023ஆம் ஆண்டு அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2017இல் அதன் ஊழியர் ஒருவர் குறைந்தது 81 பெண்களின் ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பார்த்திருந்தார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. படுக்கையறை, குளியலறை போன்ற இடங்களில் வைத்த கெமராக்களின் பதிவுகளும் அவற்றில் அடங்கும். நிறுவனம் 58 இலட்சம் டொலர் செலுத்த இணங்கி வழக்கைத் தீர்த்துக் கொண்டது. கதவை உடைத்து யாரும் உள்ளே நுழையவில்லை. உள்ளே இருந்த ஊழியருக்கே திறப்பு கொடுக்கப்பட்டிருந்தது.

2024 பெப்ரவரியில் 'வைஸ்' எனும் கெமரா நிறுவனத்தின் சேவை தடைப்பட்டு மீண்டும் இயங்கியபோது, ஏறத்தாழ 13,000 பேரின் தொலைபேசிகளுக்குப் பிறர் வீட்டுக் கெமராக்களின் சிறு படங்கள் போய்ச் சேர்ந்தன. அவர்களுள் 1,504 பேர் அப்படங்களைத் தொட்டுப் பெரிதாக்கினர். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. எல்லா வீட்டுப் படங்களையும் ஒரே இடத்தில் குவித்து வைத்தால் ஒரு சிறு பிழை போதும்.

'எங்கள் கெமராவின் படங்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கும்' என்று விளம்பரம் செய்த 'யூஃபி' கெமராக்களின் கதை இன்னொன்று. தொலைபேசிக்கு அறிவித்தல் அனுப்புவதற்காக அவை சிறு படங்களைக் கிளவுட்டுக்கு அனுப்புகின்றன என்பதை 2022 நவம்பரில் ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தார்.

வாங்கியபோது இருந்த நிபந்தனை பின்னர் மாறுவதும் உண்டு. அமேசனின் ஒலிபெருக்கிகள் சிலவற்றில் குரற்பதிவைக் கம்பனிக்கு அனுப்பாதிருக்கும் வசதி இருந்தது. 2025 மார்ச் 28ஆம் திகதியோடு அது நிறுத்தப்பட்டது. 'இன்ஸ்டியோன்' எனும் நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவித்தலின்றித் தன் கணினிகளை நிறுத்தியதும், அதன் பொருட்களைப் பொருத்தியிருந்தவர்கள் தொலைபேசி மூலம் அவற்றை இயக்க முடியாமற் போயிற்று. காசு கொடுத்து வாங்கிய பொருள் சுவரில் இருந்தது. அதன் கடிவாளம் வேறொருவர் கையில் இருந்தது.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வழிகள்

எளிய வழி பழைய வழிதான். வயர் இழுத்துப் பொருத்தும் கெமராவும், பதிவுகளைச் சேமிக்கும் டீ.வீ.ஆர். பெட்டியும் இணையம் இல்லாமலே வேலை செய்யும். படம் வீட்டு அலுமாரியிலுள்ள அந்தப் பெட்டிக்குள்ளேயே தங்கும். பொருத்த வருபவர் வழக்கப்படி அதனை இணையத்தோடு தொடுக்கக்கூடும். ஆகவே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி விடுங்கள். அவர் போன பின்னர் கடவுச்சொல்லை மாற்றுங்கள். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கெமராக்களையும் ரவுட்டர்களையும் 2016இல் 'மிராய்' எனும் தீய மென்பொருள் பெருந்தொகையாகக் கைப்பற்றியது.

அடுத்த வழிக்குச் சற்றுக் கணினி அறிவு தேவை. வீட்டில் ஒரு சிறிய கணினியை வைத்து, 'ஹோம் அசிஸ்டன்ட்' எனும் மென்பொருளை அதில் நிறுவலாம். 2013இல் பவுலஸ் ஸ்கவுட்சன் தொடங்கிய இது இலவசமானது. மின்குமிழ், மின்விசிறி, கதவு திறந்ததை அறிவிக்கும் கருவி முதலியவற்றை அது வீட்டுக்குள்ளிருந்தே இயக்கும். 'சிக்பீ' எனும் முறையில் இயங்கும் குமிழ்களை அதனோடு சேர்த்தால் அவற்றுக்கு இணையமே தேவையில்லை. கெமராப் பதிவுகளுக்கு 'ஃபிரிகேட்' எனும் மென்பொருள் உண்டு. வெளிநாட்டிலிருப்பவர் பார்க்க வேண்டுமானால் வீபீஎன் எனும் பூட்டிய வழியினூடாக நமது வீட்டுக் கணினிக்கே வரலாம்.

இதில் சிரமமும் உண்டு. மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். மின்வெட்டில் கணினி நின்றுவிடும். சேமிப்புத் தட்டு பழுதானால் பதிவுகள் போய்விடும். இவற்றைக் கவனிக்க ஒரு மகனோ மகளோ வீட்டில் இருந்தால் தொடங்குங்கள். இல்லையேல் வாசலுக்கு ஒரு வயர் கெமராவும், அறைக்குச் சுவரிலுள்ள சாதாரண சுவிட்சும் போதும்.

இரண்டு பரீட்சைகள்

வீட்டில் ஏற்கெனவே உள்ள கருவிகளை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ரவுட்டரை அணைக்காமல், அதற்கு வரும் இணையத் தொடர்பை மாத்திரம் சிறிது நேரம் துண்டியுங்கள். பிறகு வீட்டுக்குள்ளிருந்தே கெமராவைத் திறந்து பாருங்கள். குமிழை எரியச் செய்து பாருங்கள். வேலை செய்யாவிட்டால் அது கம்பனியை நம்பி நிற்கும் கருவி.

வேலை செய்தாலும் அத்தோடு விட்டுவிடாதீர்கள். இணையம் திரும்பியதும் அது படத்தை வெளியே அனுப்பலாம். பல ரவுட்டர்களில் குறிப்பிட்ட ஒரு கருவிக்கு மட்டும் இணையத்தைத் தடுக்கும் வசதி உண்டு. கெமராவுக்கு அதனைச் செய்துவிட்டால், விளம்பரத்தை நம்பியிருக்கத் தேவையில்லை.

கணினியால் காக்க முடியாதது

அன்புச் சகோதரிகளே! படம் வீட்டுக் கணினியிலேயே இருந்தாலும் அதனைத் திறப்பவர் ஒரு மனிதர். வெளிநாட்டில் ஓர் அறையில் நான்கைந்து பேர் சேர்ந்து தங்கியிருப்பார்கள். கணவர் தொலைபேசியைத் திறக்கும்போது பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் அதைக் காணலாம். எனவே கெமராவின் முகம் கேற்றையும் வெளி வாசலையும் நோக்கி இருக்கட்டும். படுக்கையறையிலும் பெண்கள் கூடியிருக்கும் இடத்திலும் அது வேண்டாம். உம்மா விழுந்தால் அறிய, அவரின் கைக்கெட்டும் இடத்தில் ஓர் அழைப்பு மணியை வைக்கலாம்.

வீட்டில் கெமரா இருப்பதை மருமகளும், வேலைக்கு வரும் பெண்ணும், விருந்துக்கு வரும் உறவினரும் முன்கூட்டியே அறிந்திருப்பது அவர்களது உரிமை. சொல்லாமல் பதிவு செய்வது துருவி ஆராய்வதாகும். அதை நமது மார்க்கம் தடுத்திருக்கிறது.

அடுத்த முறை இப்படியொரு பொருளை வாங்கப் போகும் வாப்பாவிடமோ மகனிடமோ ஒரு கேள்வியைச் சொல்லி அனுப்புங்கள். 'இன்டர்நெட் இல்லாமல் இது வேலை செய்யுமா?' கடைக்காரரிடம் தெளிவான பதில் இல்லையென்றால் காசைக் கொடுக்காமல் திரும்பி வரட்டும்.