இறக்கை நீளத்தைத் தீர்மானிக்கும் பயிர்

புகையான் பூச்சி விழுந்த நெற்குத்தில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டோடு தண்டாகப் பழுப்புப் பூச்சிகள் அப்பிக் கிடக்கும். உற்றுப் பார்த்தால் அவற்றில் இரண்டு விதம். ஒன்று, வயிறு உப்பி, முதுகில் பாதிக்கு மட்டுமே இறக்கை உள்ள குட்டை வகை. இன்னொன்று ஒல்லி, கண்ணாடி போன்ற இறக்கை வயிற்றின் நுனியையும் தாண்டி நீளும். இரண்டும் ஒரே இனம். ஒரே தாயின் முட்டைகளிலிருந்தே இரண்டும் வரலாம்.

எந்தக் குஞ்சு எப்படி வளரும் என்பதில், அது குடிக்கும் சாறுக்குப் பெரும் பங்கு உண்டு. பயிர் இளசாக இருந்து நெரிசலும் இல்லையென்றால் பறக்க வேண்டிய அவசியமில்லை. குட்டை இறக்கை போதும். பயிர் முற்றி, கூட்டமும் கூடினால் நீள இறக்கைப் பூச்சிகள் பெருகி வேறு வயல் தேடிப் போகும். இதற்கான விசையைச் சீன ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டார்கள்: பூச்சியின் உடலில் இரண்டு இன்சுலின் ஏற்பிகள். முதலாவது வேலை செய்தால் இறக்கை நீளும். இரண்டாவது அதைத் தடுத்துக் குட்டையாக்கும். முற்றும் பயிரில் குளுக்கோஸ் ஏறுவது நீள இறக்கையைத் தூண்டுகிறது என்பதும் பின்னர் தெரியவந்தது. சர்க்கரை நோயோடு மட்டுமே நாம் சேர்த்துப் பேசும் இன்சுலினுக்கு இப்படியும் ஒரு வேலை!

நெல் ரகத்தின் வேலை வேறு மாதிரி. எதிர்ப்பு ரகத்தில் புகையான் குத்திப் பார்க்கும். ஆனால் நின்று நிதானமாக உறிஞ்ச முடியாது. எடை ஏறாது, முட்டையும் குறையும். கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி. 33 இதற்குப் பேர்போன ரகம்.

ஆனால் எதிர்ப்பு ரகம் பூச்சியைச் சலித்தும் எடுக்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973-இல் ஐ.ஆர். 26 என்ற எதிர்ப்பு ரகத்தை வெளியிட்டது, சில ஆண்டுகளிலேயே அதிலும் கொழுக்கும் புகையான் பெருகிவிட்டது. வெவ்வேறு ரகங்களில் வளர்க்கப்பட்ட மூன்று புகையான் வகைகளின் உறிஞ்சுகுழல், கால், உணர்கொம்பு ஆகியவற்றை அங்கே அளந்து பார்த்தார்கள். வேறுபாடு இருந்தது; ஆனால் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை, பல அளவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால்தான் தெரியும்.

இந்த அளவுகளைவிட விவசாயிக்கு உதவுவது இறக்கை நீளம்தான். விளக்குப்பொறியில் நீள இறக்கைப் பூச்சி மட்டுமே வந்து விழும். முட்டையிட்டுத் தள்ளும் குட்டை இறக்கைப் பெண் பூச்சி தூரைவிட்டு நகராது. ஆகவே பொறி காலியாக இருப்பதை நம்பிவிடக் கூடாது. தூருக்கு ஒரு பூச்சி தென்பட்டாலே நடவடிக்கை வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் இரண்டு வரை பொறுக்கலாம்.