பந்தை வைத்திருப்பது எதற்காக?

நள்ளிரவு கடந்தும் மாமாக் கடையில் பெரிய திரை ஓடிக்கொண்டிருக்கும். தற்காப்பு ஆட்டக்காரர்கள் இருவர் தங்களுக்குள்ளேயே பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். பத்தாவது தட்டலில் யாராவது ஒருவர் பொறுமை இழந்து, "முன்னால அடிங்கடா!" என்று கத்துவார்.

அவர் கத்துவதிலும் நியாயம் இருக்கிறது. கோல் கம்பம் முன்னால் இருக்க, பந்து பின்னால் போகிறதே! ஆனால், 2008 முதல் 2012 வரை பெப் குவார்டியோலாவின் பயிற்சியில் பார்சிலோனா இப்படித் தட்டித் தட்டியேதான் 14 கிண்ணங்களை வென்றது.

அந்த அணியின் அடிப்படை அமைப்பு 4-3-3. கோல் காவலர் விக்டர் வால்டெஸ் பந்தை ஓங்கி அடிப்பது அரிது. அருகில் இருப்பவரிடமே கொடுப்பார். நடுத் தற்காப்பாளர்கள் இருவரும் விலகி நிற்க, செர்ஜியோ புஸ்கெட்ஸ் அவர்களுக்கு இடையே இறங்கி வருவார். அந்தத் துணிவில் வலப்பக்கத் தற்காப்பாளர் டானி ஆல்வெஸ், தாக்குதல் ஆட்டக்காரரைப் போல் மேலே ஏறிவிடுவார். சாவியும் இனியெஸ்டாவும் எதிரணி வரிசைகளுக்கு நடுவே இடம் தேடி நிற்பார்கள். பந்து யார் காலில் இருந்தாலும், அதை வாங்க இருவராவது முக்கோணமாக நிற்க வேண்டும் என்பதே கணக்கு.

பந்து இடப்பக்கம் சுற்றினால் எதிரணியும் அங்கே திரளும். சட்டென்று வலப்பக்கம் மாற்றினால், அங்கே ஒருவர் தனியாக நிற்பார். மனிதனைவிடப் பந்து வேகமாக ஓடும், துரத்துபவர்தான் களைப்பார்.

2009 மே 2 அன்று ரியல் மாட்ரிட்டின் பெர்னபாவ் அரங்கில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. வழக்கமாக வலப்பக்கம் ஆடிய மெஸ்ஸியை குவார்டியோலா நடுவில் நிறுத்தி, சாமுவேல் எட்டோவை வலப்பக்கம் அனுப்பினார். ஆனால் மெஸ்ஸி முன்னால் நிற்காமல் மத்தியத் திடலுக்கு இறங்கி இறங்கி வந்தார். தற்காப்பாளர்கள் கன்னவாரோவும் மெட்செல்டரும் திணறினார்கள். அவரைப் பின்தொடர்ந்தால் தங்கள் முதுகுக்குப் பின்னால் ஹென்றி ஓட இடம் கிடைத்துவிடும். தொடராவிட்டால் மத்தியத் திடலில் பார்சிலோனாவுக்கு ஓர் ஆள் கூடுதல். முதல் கோலை ரியல் மாட்ரிட் அடித்தும், ஆட்டம் 6-2 என்று பார்சிலோனா பக்கம் முடிந்தது. மெஸ்ஸியும் ஹென்றியும் ஆளுக்கு இரண்டு கோல்கள்.

இந்த அமைப்பில் இன்னொரு பயனும் உண்டு. ஆட்டக்காரர்கள் நெருங்கி நிற்பதால், பந்து பறிபோன அடுத்த நொடியே இரண்டு மூன்று பேர் பாய்ந்து மீட்க முடியும். தாக்குதலுக்கு நிற்கும் இடமே தற்காப்புக்கும் உதவும்.

ஆனாலும் இது அசைக்க முடியாத மந்திரம் அல்ல. 2010 ஏப்ரல் 28, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் 3-1 என வென்றிருந்த இண்டர் மிலான், அரை மணி நேரத்துக்குள் சிவப்பு அட்டையில் ஒருவரை இழந்தது. பயிற்றுநர் மொரின்யோவின் பத்துப் பேரும் பந்தை ஏறக்குறைய முழுமையாக விட்டுக்கொடுத்து, பெனால்டி பகுதி முன்னால் சுவராக நின்றார்கள். பார்சிலோனா இடமும் வலமுமாகத் தட்டியது, சுவர் நகரவில்லை. 84-வது நிமிடத்தில் பிக்கே அடித்த ஒரே கோல் போதவில்லை. இண்டர் இறுதியாட்டத்துக்குச் சென்று கிண்ணத்தையும் வென்றது.

அன்றும் பந்து பார்சிலோனாவிடம்தான் இருந்தது. எதிரணியை இடம்பெயர்க்கத்தான் முடியவில்லை.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது, ஒரு நிமிடம் பந்தை விட்டுவிட்டு எதிரணியின் தற்காப்பு வரிசையைக் கவனியுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் அது நகர்ந்தால், இடைவெளி விட்டால், பின்னால் கொடுத்த பந்தும் கோலை நோக்கித்தான் போகிறது. அது நகரவே இல்லையென்றால், மாமாக் கடையில் கத்தியவர் சொன்னதுதான் சரி.